சத்தம் போடாத கட்டில்: மரவேலைக்குப் புதியவர்களுக்கு

நான் செய்த முதல் கட்டில் ஆறு மாதம் அமைதியாக இருந்தது. அதற்குப் பிறகு புரண்டு படுத்தால் ஒரு முனகல், எழுந்தால் ஒரு முனகல். தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் மெத்தையைக்கூடத் தூக்கச் சொல்லவில்லை. கால்மாட்டில் குந்தி, காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "மேல உக்காந்து ஆட்டுங்க தம்பி" என்றார். ஆட்டினேன்.

"சட்டம் எது மேல உக்காந்திருக்கு?"

"எல் தகடு வச்சு நாலு ஸ்க்ரூ போட்டிருக்கேண்ணே."

"அப்ப ஸ்க்ரூ மேலதான் உக்காந்திருக்கு. மரத்து மேல உக்கார வைங்க."

வீட்டில் செய்யும் கட்டில் பாரம் தாங்காமல் உடைவது அபூர்வம். அது ஆடும், ஆடி ஆடிச் சத்தம் போடும். ஆள் புரளும் ஒவ்வொரு முறையும் மூட்டு ஒரு மயிரிழை அசைகிறது. ஸ்க்ரூ தன் ஓட்டையைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறது. ஓட்டை பெரிதானால் அசைவும் பெரிதாகிறது. பாரத்தை மரம் தாங்கி, இரும்பு இழுத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்தால் இந்தத் தொல்லை தொடங்குவதே இல்லை. கீழே நான் சொல்லும் கட்டில் முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. இரண்டு பேர் படுக்கும் அளவு. முழுக்கப் போல்ட்டில் கழற்றி மாட்டலாம். நீளமான கிளாம்ப்போ பெரிய இயந்திரமோ தேவையில்லை.

மெத்தையிலிருந்து தொடங்குங்கள்

மெத்தையின் அளவு நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் மெத்தையை விரித்து ஒரு நாள் விட்டு, டேப் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். நான் இங்கே 150 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் உள்ள மெத்தையை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். உங்களுடையது வேறு என்றால் அந்த வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கால்களுக்கு இடையே உள்ள இடைவெளி மெத்தையைவிட 1 செ.மீ. கூடுதலாக, அதாவது 201க்கு 151 என்று வைப்போம். உயரத்தைப் பொறுத்தவரை, கட்டிலின் ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெத்தையின் மேல்பக்கம் 50 செ.மீ. அளவில் இருந்தால் வசதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இன்னும் 5 செ.மீ. ஏற்றலாம். சட்டத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து 20 செ.மீ., சட்டத்தின் உயரம் 15, ஆக மேல்விளிம்பு 35. மெத்தை இந்த விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இறங்கி உட்காரும். அடியில் துடைப்பம் தாராளமாகப் போகும்.

சட்டம் ஏன் 15 செ.மீ. உயரம்? ஒரு சட்டம் வளையாமல் நிற்பது அதன் உயரத்தின் கையில்தான் இருக்கிறது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு கூடும். அதனால் பலகையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கிறோம். 28 மி.மீ. தடிமன் போதும்.

வெட்ட வேண்டியவை இவை:

கால்கள், 7 x 7 செ.மீ.: கால்மாட்டுக்கு 38 செ.மீ. உயரத்தில் இரண்டு, தலைமாட்டுக்கு 95 செ.மீ. உயரத்தில் இரண்டு.
பக்கச் சட்டம், 15 செ.மீ. x 28 மி.மீ.: 203 செ.மீ. நீளத்தில் இரண்டு.
தலைமாட்டுச் சட்டம், கால்மாட்டுச் சட்டம், அதே பருமன்: 153 செ.மீ. நீளத்தில் ஒவ்வொன்று.
தாங்குபட்டை (குறுக்குப்பட்டைகளின் முனை இதன் மேல் உட்காரும்), 3 x 4 செ.மீ.: 195 செ.மீ. நீளத்தில் இரண்டு, 10 செ.மீ. துண்டு இரண்டு, 5 செ.மீ. துண்டு நான்கு.
நடுச் சட்டம், 4 x 9 செ.மீ.: ஒன்று. அதற்குக் குட்டைக் கால் இரண்டு, 19 செ.மீ.
குறுக்குப்பட்டை, 8 x 2 செ.மீ.: பதினான்கு.
தலைமாட்டுப் பலகை, 12 x 2 செ.மீ.: 165 செ.மீ. நீளத்தில் மூன்று.

நடுச் சட்டத்தையும் குறுக்குப்பட்டைகளையும் இப்போதே வெட்டிவிடாதீர்கள். கூட்டி நிறுத்திய பிறகு உள்ளளவை எடுத்து வெட்டினால் அரை செ.மீ. தவறு எங்கேயும் வராது. ரம்பமும் ஒவ்வொரு வெட்டுக்கும் 2 அல்லது 3 மி.மீ. மரத்தைத் தின்னும். ஒரே பலகையில் நாலு துண்டு எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நாலாவது துண்டு குட்டையாகத்தான் வரும்.

மரம்

தேக்கு கிடைத்தால் தேக்கு. செலவு அதிகம் என்று தோன்றினால் ரப்பர் மரம், மா, பைன் எல்லாமே கட்டிலுக்கு ஆகும். எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்த மரம் என்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் இருக்கலாம். ஈர மரத்தில் கச்சிதமாகச் செய்த மூட்டு காய்ந்ததும் தொளதொளத்துவிடும். வாங்கி வந்ததும், கட்டில் போடப்போகும் அதே அறையில், பலகைகளுக்கு இடையே சிறு குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகட்டும்.

வாங்கும்போது ஒவ்வொரு பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே தூக்கி, ஒரு கண்ணை மூடி, விளிம்பை நெடுகப் பாருங்கள். இலேசான வளைவு பரவாயில்லை, மேடான பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளலாம். முறுக்கிக்கொண்ட பலகையை எடுக்காதீர்கள். அது நாலு காலையும் தன்னோடு சேர்த்து முறுக்கும். பக்கச் சட்டத்தின் நடுவில், கீழ் விளிம்பை ஒட்டிக் கணு இருக்கக்கூடாது. பாரம் ஏறும்போது அதிகமாக இழுபடுவது அந்த இடம்தான். குறுக்குப்பட்டையில் பாதி அகலத்துக்குக் கணு இருந்தால் அதை வேறு வேலைக்கு ஒதுக்குங்கள்.

கருவிகள்: கை ரம்பம் அல்லது சர்க்குலர் சா, ட்ரில், 25 மி.மீ. உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம், டேப், இரண்டு மூன்று சின்ன கிளாம்ப், உப்புத்தாள். உளியை வாங்கிய கையோடு தீட்டிவிடுங்கள், கடையிலிருந்து வரும் கூர் வேலைக்கு ஆகாது. கண்ணாடியும் முகமூடியும் மறக்கக்கூடாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது; ஒரு நாள்தானே என்று மூக்கைத் திறந்துவைக்காதீர்கள்.

காடி எடுப்பது

முழு வேலையிலும் பொறுமை கேட்கும் இடம் இது ஒன்றுதான். ஒவ்வொரு காலிலும் இரண்டு காடி, அதாவது மரத்தில் வெட்டும் பள்ளம், வரும்: ஒன்றில் பக்கச் சட்டத்தின் முனை உட்காரும், மற்றதில் தலைமாட்டு அல்லது கால்மாட்டுச் சட்டத்தின் முனை. காடி 10 மி.மீ. ஆழம், 28 மி.மீ. அகலம், உயரம் 15 செ.மீ.க்கு 1 மி.மீ. கூடுதல். சட்டத்தின் நீளத்தில் 2 செ.மீ. கூடுதலாகச் சேர்த்தது இதற்காகத்தான், முனைக்கு 1 செ.மீ. உள்ளே போகும்.

முதலில் நாலு கால்களையும் கட்டில் நிற்கப்போகும் விதத்திலேயே தரையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும், உள்மூலையைப் பார்த்து ஒரு அம்புக்குறி போடுங்கள். இதைச் செய்யாமல் அடையாளம் போட ஆரம்பித்து, இரண்டு இடது கால் செய்துவைத்த ஆள் நான். காடிகள் அந்த உள்மூலையின் இரண்டு பக்க முகங்களில் வரும். மூலை விளிம்பிலிருந்து 12 மி.மீ. விட்டு 28 மி.மீ. அகலத்துக்குக் கோடு, வெளியே 30 மி.மீ. மிஞ்சும். 12 மி.மீ. விடாமல் விளிம்பை ஒட்டி எடுத்தால் இரண்டு காடியும் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், இரண்டு சட்டமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்.

உயரத்தில், காடியின் அடிக்கோடு காலின் அடியிலிருந்து 20 செ.மீ.; மேல்கோடு அங்கிருந்து சட்டத்தின் உயரத்தைவிட 1 மி.மீ. கூடுதல். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். 15 செ.மீ. சட்டம் பருவத்துக்குப் பருவம் ஓரிரு மி.மீ. மாறலாம். அது மேலே விரிய இடம் விடுகிறோம். கீழே மட்டும் இடைவெளி இருக்கவே கூடாது. சட்டம் உட்காருவது அந்த அடித்தளத்தில்தான்.

அகலக் கோட்டுக்கு டேப்பை நம்பாதீர்கள். சட்டத்தின் முனையையே காலின் மேல் வைத்து, கூரான கத்தியால் இருபுறமும் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, கத்திக் கீறலுக்கு இல்லை. உளியும் அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும். ட்ரில் பிட்டில் 9 மி.மீ. ஆழத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டு, கோடுகளுக்குள்ளே நெருக்கமாகத் துளைகள் போட்டுத் தள்ளுங்கள். மரத்தில் பாதி அப்படியே போய்விடும். மீதியை உளியால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சீவி எடுங்கள். கீறல் கோட்டைத் தொடுவது கடைசி வெட்டாக இருக்கட்டும்: உளியைச் செங்குத்தாக நிறுத்தி, உளியின் தட்டையான முதுகு கோட்டின் பக்கம் இருக்க, கொட்டாப்புளியால் இரண்டே தட்டு.

முதல் காடிக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டாவது காடிக்கு அதில் கால்வாசிகூட ஆகவில்லை. ஆகவே முதல் காடியைத் தலைமாட்டின் சுவரோரக் காலில் எடுங்கள், யார் கண்ணிலும் படாது. சட்டத்தைச் செருகிப் பார்க்கும்போது கைத் தட்டலுக்கு உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம், தானாக விழுந்தால் தொளதொளப்பு. தொளதொளப்பாகிவிட்டால் கவலை வேண்டாம். மெல்லிய சீவல் ஒன்றைப் பசை தடவிக் காடிச் சுவரில் ஒட்டி மறுபடி சீவிக்கொள்ளலாம். காடிகளுக்கும் சட்ட முனைகளுக்கும் ஒரே எண் எழுதி வையுங்கள், முனைகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தாது.

போல்ட்

ஒரு மூட்டுக்கு இரண்டு, ஆக பதினாறு: 8 மி.மீ. போல்ட், 120 மி.மீ. நீளம், வாஷரோடு. சட்டத்துக்குள் அதைப் பிடிக்க உருளை நட் வேண்டும். சின்ன உருளை போல இருக்கும், அதன் பக்கவாட்டில் மரை ஓடிய துளை இருக்கும். சட்டத்தின் முனையில் நேராக ஸ்க்ரூ முடுக்கினால் அது மரநாருக்கு இணையாகப் போய், சீப்புக்குள் ஊசி நுழைந்த மாதிரி நிற்கும், பிடிமானம் குறைவு. உருளை நட் நாருக்குக் குறுக்கே படுத்து முழு மரத்தையும் பிடித்து இழுக்கிறது.

ஒரே காலில் இரண்டு பக்கமிருந்தும் போல்ட் வருவதால் உள்ளே ஒன்றை ஒன்று குறுக்கிடாமல் உயரத்தை மாற்ற வேண்டும். பக்கச் சட்டத்துக்கு, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து 35 மி.மீ., 125 மி.மீ. என்று இரண்டு துளை. தலைமாட்டு, கால்மாட்டுச் சட்டங்களுக்கு 55 மி.மீ., 100 மி.மீ. காடியின் நடுக்கோட்டில் 9 மி.மீ. பிட்டால் காலின் வெளிப்பக்கம் வரை துளையுங்கள். பின்னால் ஒரு கழிவுக்கட்டையைக் கிளாம்ப் போட்டு வைத்தால் வெளிப்பக்கம் சிராய் பெயராது. பிறகு சட்டத்தைக் காடியில் செருகி, வெளியிலிருந்து அதே துளை வழியாக ட்ரில்லை விட்டுச் சட்டத்தின் முனையில் அடையாளம் போடுங்கள். கழற்றி, 70 மி.மீ. ஆழத்துக்குத் துளையுங்கள். கடைசியாகச் சட்டத்தின் உள்முகத்தில், முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி, நட்டின் பருமனுக்கு ஒரு துளை. நட்டின் மரைத்துளை சட்டத்தின் தடிமனுக்குச் சரி நடுவில், 14 மி.மீ. ஆழத்தில் நிற்கும்படி.

8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை தொளதொளப்பு ஆகாதா என்றால், ஆகாது. சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காடி முடிவு செய்துவிட்டது. போல்ட்டுக்கு இழுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த மில்லிமீட்டர், மரம் உப்பிச் சுருங்க வழிவிடும். துளையிடும்போது உங்கள் கை கொஞ்சம் கோணினால் அதையும் மன்னிக்கும்.

பட்டைகளும் நடுச் சட்டமும்

பக்கச் சட்டங்களின் உள்முகத்தில், மேல்விளிம்பிலிருந்து 7 செ.மீ. கீழே கோடு போட்டு, தாங்குபட்டையின் மேல்பக்கம் அந்தக் கோட்டில் வரும்படி பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. இரண்டு முனையிலும் நாலு செ.மீ. விட்டுவிடலாம். பாரம் ஸ்க்ரூவில் இறங்குகிறதே என்று கேட்பீர்கள். இங்கே நெடுகிலும் பசை ஒட்டியிருக்கிறது. நாரும் நாரும் ஒரே திசையில் ஒட்டிய பசை மூட்டு, பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முன்துளை கீழே உள்ள மரத்தில் 3 மி.மீ., கடின மரமென்றால் 3.5, மேலே உள்ள பட்டையில் 5 மி.மீ. முழுத் துளை. மேல் மரத்திலும் மரை பிடித்துக்கொண்டால் இரண்டும் இறுகாது, இடையில் இடைவெளி விட்டு நிற்கும்.

இப்போது கட்டிலை அதன் அறையிலேயே கூட்டுங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பாதி முடுக்கி, பிறகு எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். குறுக்கே மூலைக்கு மூலை, கால்களின் உள்முனைகளுக்கு இடையே டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக, 251.4 செ.மீ. அளவில் வர வேண்டும். எது அதிகமோ அந்த இரண்டு மூலையையும் உள்நோக்கித் தள்ளி, மறுபடி அளந்து, அதன்பின் கடைசி இறுக்கு.

இவ்வளவு அகலத்துக்கு நடுச் சட்டம் கட்டாயம். இல்லாவிட்டால் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குறுக்குப்பட்டைகள் நடுவில் தொய்ந்து, இருவரும் இரவெல்லாம் நடுவை நோக்கிச் சரிவார்கள். தலைமாட்டு, கால்மாட்டுச் சட்டங்களின் நடுவில், உள்முகத்தில், அடிவிளிம்பை ஒட்டி 10 செ.மீ. துண்டுகளை, 4 செ.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி, பசை, ஸ்க்ரூ போட்டு வையுங்கள். நடுச் சட்டத்தின் இரு முனையிலும் அடியிலிருந்து 5 செ.மீ. உயரம், 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி எடுத்தால், மிச்சமிருக்கும் 4 செ.மீ. நாக்கு அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து, நடுச் சட்டத்தின் மேல்பக்கம் தாங்குபட்டையோடு சமமாக வரும். பக்கவாட்டில் நகராமல் இருக்க, நாக்கின் இருபுறமும் 5 செ.மீ. துண்டு ஒவ்வொன்றைச் சட்டத்தின் உள்முகத்தில் பொருத்துங்கள். குட்டைக் கால் இரண்டையும் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள். தரை சமமில்லாவிட்டால் அங்கேயே வைத்து அளந்து வெட்டுங்கள். தரையைத் தொடாத கால் இருந்தும் பயனில்லை.

குறுக்குப்பட்டைக்கு மரக்கடையில் ரீப்பர் என்று கேட்டாலும் புரியும். பதினான்கு பட்டைக்கும் 8 செ.மீ. போக, மிச்சமுள்ள இடத்தைப் பதினைந்தாகப் பிரித்தால் இடைவெளி 6 செ.மீ.க்கு ஒரு மி.மீ. கூடுதல். நுரை மெத்தைக்கு இதைவிட அகலமான இடைவெளி நல்லதல்ல, மெத்தை உள்ளே பிதுங்கும். அந்த இடைவெளி அளவில் ஒரு கட்டை வெட்டிக்கொண்டு, அதை வைத்து வைத்தே அடுத்தடுத்த பட்டையைப் பொருத்துங்கள். முனைக்கு ஒரு ஸ்க்ரூ, முன்துளை போட்டு. நடுச் சட்டத்தில் ஸ்க்ரூ வேண்டாம். பட்டை தொடும் இடமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். சத்தத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. காடிச் சுவர்களிலும் ஒரு தேய்ப்பு, ஆனால் எண்ணெயோ வார்னிஷோ பூசி முடித்த பிறகு. பட்டைக்குப் பதில் முழு ப்ளைவுட் தகடு போடலாம்தான். அடியில் காற்று போகாமல் மெத்தை புழுங்கும், அதனால் நான் போடுவதில்லை.

தலைமாட்டுப் பலகைகள் கால்களின் முன்பக்கத்தில், மெத்தைப் பக்கமாக, தரையிலிருந்து 55 செ.மீ.க்கு மேலே வரட்டும். பின்னால் வைத்து அடித்தால், சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் முதுகு பலகையை ஸ்க்ரூவிலிருந்து பிடுங்கும். முன்னால் இருந்தால் காலின்மேல் அழுந்தும். ஸ்க்ரூவைக் காலின் பின்பக்கமிருந்து முடுக்குங்கள்: 35 மி.மீ. ஆழத்துக்கு ஸ்க்ரூ தலை நுழையும் அளவு பெரிய துளை, பிறகு 50 மி.மீ. ஸ்க்ரூ. முன்பக்கம் ஒரு தலையும் தெரியாது.

தேய்ப்பதும் பூசுவதும்

எல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு கழற்றிப்போட்டுத் தேயுங்கள். 80, 120, 180 எண் உப்புத்தாள், இந்த வரிசையில், எப்போதும் ரேகையோடு. குறுக்கே தேய்த்த கோடு பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கால்களின் வெளி விளிம்புகளை நன்றாக உருட்டுங்கள். இந்த அமைப்பில் கால்கள் சட்டத்தைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும், இருட்டில் சுண்டுவிரலுக்கு அது தெரியாது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, காய்ந்ததும் எழும்பி நிற்கும் நாரை 180இல் இலேசாகத் தடவி எடுத்தால் பூச்சு வழவழப்பாக நிற்கும்.

நீரில் கரையும் வார்னிஷ் மூன்று மெல்லிய கோட் போட்டால் வீட்டுக்குள் நாற்றம் குறைவு. உள்முகங்களுக்கும் ஒரு கோட் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை மற்ற பக்கம் வழியாக ஈரம் குடித்து வளையும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறீர்கள் என்றால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப்போட்டு முழுக்கக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

பிறகு திரும்பக் கூட்டி, கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டி, மெத்தையைப் போடலாம்.

இரண்டு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள், மரம் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதன்பின் பருவம் மாறும்போது ஒரு தடவை, கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் ஏறும். எப்போதாவது சத்தம் கேட்டால் ஒருவரை மேலே உட்கார்ந்து ஆட்டச் சொல்லி, நீங்கள் மூட்டு மூட்டாக விரல் வைத்துப் பாருங்கள். காதைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அதற்கான ஸ்பேனரைத் தேடி அலைய வேண்டாம் என்று நான் நடுச் சட்டத்தின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.